பின்தெருப் பள்ளிக்கூடமும் நம் கல்வி நிதியும்

(குடியரசு நாள் கொடியேற்றத்துக்குப் பின் நம் சமூகக் கூடத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)



"கல்வியைப் பற்றிப் பொதுவாக ஏதாவது பேசுங்கள் மேடம்" என்று செயலாளர் கேட்டார். எனக்குப் பொதுவாகப் பேச வராது. அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியே காலம் போய்விட்டது. அதனால் நம் பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியைப் பற்றியே பேசுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு அதன் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும்.

இதை இன்றைக்கே பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நம் வளாகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்து, சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கட்டணம் கட்டுவது என்பது தீர்மானம். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள், நல்ல மனசுக்காரர்கள். ஆனாலும் அந்தத் தீர்மானம் இப்போது எழுதியிருக்கிறபடி நிறைவேறக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

நம் வீடுகளுக்கு வேலைக்கு வருகிற பெண்கள், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், எதிரே இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஆகியோரின் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, தமிழ் வழியும் உண்டு, ஆங்கில வழியும் உண்டு. ஆங்கில வழி இருக்கிறது என்றால் இங்கே பாதிப் பேர் "அப்படியா?" என்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நாம் மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துச் சேர்க்கக்கூடிய தனியார் பள்ளி எது? பக்கத்தில் இருக்கிற சிறிய மெட்ரிக் பள்ளிதான். சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்ததிலிருந்து அங்கேயும் இங்கேயும் ஒரே பாடத்திட்டம், பத்தாம் வகுப்பில் ஒரே பொதுத்தேர்வு. அரசு மேல்நிலைப் பள்ளியில் நேரடி நியமனத்தில் முதுகலை ஆசிரியராக வர வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் வென்றாக வேண்டும். அங்கே குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு நாலு பிள்ளைகளுக்கு ஒரு பியூரெட். கணக்கு ஆசிரியர் பணியிடம் ஒன்று போன வருஷம் பாதி வரைக்கும் காலி. உடற்கல்வி பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்குவது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், இங்கேயும் நடக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: பிள்ளையை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2020-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. 2021-ல் அதுவே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் இருந்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு விலக்கு உண்டு. ஆனால் நாம் பணம் கட்டிச் சேர்க்கிற பிள்ளைக்கு அந்த விலக்கு கிடையாது. நடுவில் ஒரே ஒரு வருஷம் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் போச்சு.

அதோடு முடியவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், உயர்கல்விக்குப் போகிற மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது, அதிலும் 1000 ரூபாய். இரண்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்குதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னால் சேர்த்தார்கள். சுயநிதி மெட்ரிக் பள்ளியில் நாம் கட்டணம் கட்டிப் படிக்கவைத்த பிள்ளை இதில் வராது. நாலு வருஷப் படிப்பென்றால் 48,000 ரூபாய். நம் கல்வி நிதி ஒரு பிள்ளைக்கு அவ்வளவு செலவழிக்குமா என்று பொருளாளர்தான் சொல்ல வேண்டும்.

நம் வளாகத்திலேயே ஒரு பெண் இருக்கிறாள். எந்த பிளாக், எந்த வீடு என்று சொல்லப் போவதில்லை. அம்மா இங்கே மூன்று வீட்டில் வேலை செய்கிறார். பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று பார்த்து ஒரு வீட்டுக்காரர் ஏழாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் கட்டணமும் கட்டினார். பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஒன்பதாம் வகுப்புக்குப் பெண் பின்தெருப் பள்ளிக்கே திரும்பி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல கட்-ஆஃப். இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, கணக்கு நூறு என்று 200-க்குப் போடுவார்களே, அதில் 160-க்கு மேல். 7.5-இல் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அந்த இரண்டு வருஷம் குறுக்கே வந்தது. பொதுப் பிரிவில் கிடைத்த கல்லூரிக்குக் கட்டணம் கட்ட முடியாமல், இப்போது ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறாள். புதுமைப் பெண் பணமும் கிடையாது. உதவி செய்தவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் கட்டணம் கட்டிய நாளில் இந்தச் சட்டமே வந்திருக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நமக்குத் தெரியும் அல்லவா?

அப்படியானால் அந்த நிதியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நோட்டும் பையும் வாங்கிக் கொடுக்கலாம் என்று எப்போதும் ஒரு யோசனை வரும். தயவுசெய்து வேண்டாம். பாடநூல், நோட்டு, பை, சீருடை எல்லாம் அரசே கொடுக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் இல்லாதது உட்கார்ந்து படிக்க ஓர் இடமும், பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கிற ஓர் ஆளும்தான். வீடு ஒற்றை அறை. டிவி ஓடும், தம்பி அழுவான், தண்ணீர் வருகிற நேரம் குடம் பிடிக்க வேண்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடம் வார நாட்களில் மாலை நாலரையிலிருந்து ஏழு வரை பூட்டித்தான் கிடக்கிறது.

வெளியாட்கள் உள்ளே வந்தால் பாதுகாப்பு என்னாவது என்று போன கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூடம் தரைத்தளத்தில், பின்பக்க கேட்டை ஒட்டி இருக்கிறது. லிஃப்ட் பக்கமே வர வேண்டியதில்லை. தலைமை ஆசிரியை பெயர்ப் பட்டியல் தருவார், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். நம்மில் இரண்டு பேர் தினமும் கூட இருப்போம். சரியாகச் சொன்னால் அவர்கள் வெளியாட்களும் இல்லை. சின்ன வயதில் லீவு நாளில் அம்மாவோடு வந்து நம் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகள்தான்.

இன்னொரு வேலை ஜூன், ஜூலையில் வரும். பொறியியல் கலந்தாய்வு முழுக்க ஆன்லைன். விண்ணப்பம், சான்றிதழ் பதிவேற்றம், பிறகு விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது, கிடைத்த இடத்தைக் குறித்த நாளுக்குள் உறுதி செய்வது. ஓடிபி அப்பாவின் போனுக்கு வரும். அப்பா நம் கேட்டில் இரவு டியூட்டியில் இருப்பார். அவர் போனைப் பார்ப்பதற்குள் அது காலாவதி ஆகிவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். மே மாதக் கடைசியில் ஓடினால் வரிசையில் நிற்கத்தான் நேரம் இருக்கும். பள்ளியில் நான் முதல்வன் திட்டத்தில் வழிகாட்டுகிறார்கள், கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கும் அழைத்துப் போகிறார்கள். ஆனால் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கும் ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரிக் குறியீட்டு எண்ணைத் தட்டச்சு செய்ய முடியாது. எந்தக் கல்லூரியில் எந்தத் துறை பரவாயில்லை, எதில் வேலைவாய்ப்பு என்பதெல்லாம் இங்கே ஐ.டி. கம்பெனிகளில் ஆள் எடுக்கிற உங்களுக்குத் தெரிகிற அளவு எனக்குக்கூடத் தெரியாது.

படிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், பறை விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் நம் வாட்ஸ்அப் குழுவில் பெரிய விவாதம் நடந்தது நினைவிருக்கும். பின்தெருவில் தினமும் சாயங்காலம் கொட்டுச் சத்தம், வீட்டிலிருந்து மீட்டிங் பேச முடியவில்லை என்று எழுதினீர்கள். இரண்டு பேர் பள்ளிக்கே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்கள். அது கலைத் திருவிழாவுக்கான பயிற்சி. 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. பள்ளி அளவில் வென்றால் வட்டாரம், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். பாட்டு, நாடகம், வில்லுப்பாட்டு, ஓவியம், களிமண் சிற்பம் என்று நீளமான பட்டியல். நம் பின்தெருப் பையன்கள் எட்டுப் பேர் பறை அணி. அந்தப் புகாருக்குப் பிறகு தலைமை ஆசிரியை பயிற்சியை நிறுத்திவிட்டார். அவர்கள் ஏரிக்கரைக்குப் போய் அடித்துப் பழகினார்கள். வட்டாரத்தில் இரண்டாம் இடம்.

அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடப் பார்த்தவர்கள். பறைக்காகத்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்று அவர்கள் வகுப்பாசிரியர் என்னிடம் சொன்னார். முதலில் பறைக்காக வரட்டும், பிறகு பாடம் தானாகக் காதில் விழும். முப்பது வருஷத்தில் நான் பார்த்த இடைநிற்றல்களில் பாடம் புரியாததால் நின்றவர்களைவிட, பள்ளியில் தனக்கென்று எதுவும் இல்லை என்று நின்றவர்கள் அதிகம். நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர், பசுமைப் படை, மாதம் ஒரு சிறார் திரைப்படம், இலக்கிய மன்றம் எல்லாம் அங்கே பெயரளவுக்காவது இருக்கின்றன. பெயரளவைத் தாண்டி நடப்பது பொறுப்பாசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது. மீட்டிங் பேசுகிறவர்களின் சிரமமும் எனக்குப் புரிகிறது. நாலரையிலிருந்து ஐந்தே கால் வரை, செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதம் மட்டும் என்று நேரம் குறித்து, சங்கத்தின் சார்பில் தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். நாம் சொல்லி நின்றதை நாம் சொல்லித்தான் மறுபடி தொடங்கவைக்க முடியும்.

பொதுக்குழுவுக்கு என் திருத்தம் இதுதான். கல்வி நிதியைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பயன்படுத்துவதில்லை. கூடத்தின் மின்கட்டணம், பிள்ளைகளுக்கு மாலையில் சுண்டல், சான்றிதழ், விண்ணப்பச் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து எடுப்போம். மீதியை ஆய்வகப் பொருட்களுக்கு, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக, ரசீதோடு கொடுப்போம். ஏற்கெனவே தனியார் பள்ளியில் இருக்கிற பிள்ளைகளுக்கு உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களைப் பாதியில் கைவிடுவது அதைவிடப் பெரிய தப்பு. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் நம் ஊழியர்களுக்கு எத்தனை பேர் என்று செக்யூரிட்டி அறையில் ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று அவர்கள் முடிவெடுக்கப் போவது இந்த நாலைந்து மாதத்தில்தான். உங்கள் வீட்டுக்கு வருகிற அக்காவிடம் இந்த ஆறு முதல் பன்னிரண்டு கணக்கை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடிவு அவர்களுடையது, விவரம் தெரிந்து எடுக்கட்டும்.

வேதியியலுக்கு நான் இருக்கிறேன். இயற்பியலுக்கு ஏ பிளாக்கில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்குக்கு இரண்டு பேர் வேண்டும், வாரம் இரண்டு மாலை. பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருப்பவர்களில் மூன்று பேர் பொறியாளர்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே போகும்போது வாசல் மேசையில் தாள் இருக்கிறது, பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்.