உப்பும் ஈரமும்



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே சென்று, முட்டுக்காட்டுக் காயலைக் கடந்தால் கோவளம் வரும். 1752-ஆம் ஆண்டில் கிளைவ் கைப்பற்றிய கோட்டை ஒன்று இங்கே இருந்தது. கோட்டை போயிற்று, உப்பளங்கள் போகவில்லை. கோவளத்தில் மேற்கே திரும்பிக் கேளம்பாக்கம் நோக்கிச் சென்றால், மழைக்காலம் நீங்கிய மாதங்களில், வரப்பு கட்டிய பாத்திகளையும் அவற்றின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் வெண்குவியல்களையும் காணலாம். மாணவ மாணவியர் அந்தச் சாலையில் ஒருமுறை இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். நம் வீட்டு அடுக்களையில் நடக்கும் பல காரியங்களுக்கு விளக்கம் அங்கே கிடைக்கிறது.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. உப்புகள் என்று பன்மையில் சொல்லுகிறேன். வாய் தவறிச் சொல்லவில்லை. அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மேற்பட்டதே நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. மற்றவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள். வெயிலில் நீர் வற்ற வற்ற இவை ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சமையல் உப்பு பளிங்காகத் தோன்றுகிறது. மக்னீசிய உப்புகளோ கடைசிவரை நீரிலேயே தங்கி அதைக் கசப்பாக்கிவிடும். அனுபவமுள்ள தொழிலாளி அந்தக் கசப்பு நீரைக் காலத்தில் வடித்துவிடுகிறார். வடிக்கத் தவறினால் உப்பும் கசக்கும்.

வடித்த பின்னும் சிறிதளவு மக்னீசியம் குளோரைடு பளிங்குகளின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் வீட்டு உப்பு ஜாடி வியர்ப்பதற்கு அதுவே பெருங்காரணம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். கடற்கரை ஊர்களில் காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும் நாள் அரிது. ஆகவே, நன்கு கழுவிச் சுத்திகரித்த தூள் உப்பு கொட்டும், கல்லுப்பு கசியும்.

கசிவது வெறும் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. அதனோடு போவது அயோடின்.

“நாங்கள் கடலோரத்தில் வாழ்கிறோம், கடலுப்பையே உண்கிறோம், எங்களுக்கு அயோடின் எதற்கு?” என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள அயோடின் ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஒரு கிலோ உப்புக்குச் சுமார் 40 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும் என்று கொண்டால், அந்த நீர் முழுவதிலும் இருந்த அயோடின் 2 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி பளிங்கில் சேராமல் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கடையில் விற்கும் உப்பிலோ கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகையால், கோவளத்துப் பாத்தியிலிருந்து நேரே அள்ளிய உப்பு எவ்வளவு வெண்மையாக இருந்தாலும், அயோடின் சேர்க்காதவரை, அந்தக் குறையைத் தீர்க்காது. மீனில் அயோடின் உண்டு; மீன் உண்ணாதவர் வீட்டில் அதுவும் இல்லை.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம். கருவுற்ற பெண்ணுக்கு 250. இது குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும் என்பது பலருக்கும் தெரியும். அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாதது: கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. 1956-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் இல்லா உப்பை உண்பதற்காக விற்பதற்கு 1998-ல் நடைமுறைக்கு வந்த தடை, 2000-ல் நீக்கப்பட்டு, 2006 மே மாதத்தில் மீண்டும் வந்தது. இடையில் நடந்த வாதங்களுக்குள் நான் புகவில்லை.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த அயோடினை நாம் எப்படி இழக்கிறோம்? கல்லுப்பில் பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசலைப் பளிங்கின் மேலேதான் தெளிக்கிறார்கள். தூசி போக வேண்டுமென்று அதை அலசினால், தூசியோடு அயோடினும் சாக்கடைக்குப் போகிறது. மூங்கில் கூடையிலோ சாக்கிலோ வைத்தால் கசிந்து சொட்டுகிறது. அடுப்புக்கு அருகே திறந்து வைத்தால் ஆவியும் சூடும் தாக்குகின்றன. பீங்கான் ஜாடியோ கண்ணாடிப் புட்டியோ, நன்றாக மூடும் மூடியோடு, அடுப்புக்கு எட்ட இருக்கட்டும். ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். மரக்கரண்டி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களை உப்பு அரித்துவிடும்.

அளவைப் பற்றி ஒரு சொல். கல்லுப்பின் இடையே காற்று நிற்கிறது; தூளில் அவ்வளவு இல்லை. ஆகவே ஒரு கரண்டி தூள், ஒரு கரண்டி கல்லுப்பைவிட எடை மிகுந்தது. ஊறுகாய்க்குப் பாட்டி சொன்ன கல்லுப்புக் கணக்கில் தூளைப் போட்டால் கரிக்கும். தூளின் கணக்கில் கல்லுப்பைப் போட்டால் பூசணம் பூக்கும். நிறுத்துப் போடுவதே நலம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது.

இனிக் கடற்கரைக்குத் திரும்புவோம். உப்பு கிருமியைக் கொல்லும் என்பது பொது நம்பிக்கை. உண்மையில் அது பெரும்பாலும் கிருமிக்குக் கிடைக்க வேண்டிய நீரைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. நெத்திலி மெல்லிய மீனாதலால் உப்பில்லாமலேயே ஒருநாள் வெயிலில் பெரிதும் உலர்ந்துவிடும். பெரிய மீனைக் கீறி, குடலெடுத்து, உப்பிட்டே உலர்த்த வேண்டும். உலர்ந்த கருவாடு மழைநாளில் ஈரம் வாங்கினால் கிருமிக்கு மறுபடி நீர் கிடைத்துவிடுகிறது. உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் நீர் சிலவேளை செந்நிறமாகத் தோன்றும். செறிந்த உப்புநீரையே வீடாகக் கொண்ட நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. அவ்வினத்தவை உப்போடு வந்து, ஈரமேறிய கருவாட்டில் இளஞ்சிவப்பாய்ப் படர்வதுண்டு. அப்படிப் படர்ந்ததைக் கழுவிக் குழம்பில் இடாமல் எறிந்துவிடுங்கள். நல்ல கருவாட்டைக் காற்றுப் புகாத டப்பாவில், இயன்றால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

உப்பும் நெருப்பும் சேர்ந்தும் திருத்த முடியாத கேடு ஒன்று உண்டு. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால், கிருமிகள் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. நாற்றம் தெரியுமுன்பே அது சேர்ந்துவிடக்கூடும். உண்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், தோல் தடிக்கும். கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், கருவாடாக்கினாலும் அது அழியாது. காலையில் கரையேறிய கானாங்கெளுத்திக்கு மீனின் எடைக்கு எடை பனிக்கட்டி உடனே வேண்டும். உச்சிப்பொழுதுவரை வெயிலில் கிடந்ததை மாலையில் குளிர்பெட்டியில் வைப்பதால், அதற்குள் சேர்ந்த ஹிஸ்டமின் குறையப் போவதில்லை.