புது நட்சத்திரம் பிறக்காத கேலக்ஸிகள்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். வானத்தையும் வரவு செலவாகத்தான் பார்க்க வருகிறது.

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். அதுதான் கேலக்ஸியின் முதல். நம் பால்வெளியில் இன்றும் ஆண்டுக்கு ஓரிரு சூரியன் அளவு வாயு நட்சத்திரமாகிறது. ஆனால் நூற்றுக்கணக்கில் நெருங்கி வாழும் கேலக்ஸிக் கொத்துகளில் பலவற்றுக்குப் பிறப்பே நின்றுவிட்டது.

கொத்துக்குள் இருப்பது வெற்றிடமல்ல. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு. நம் நான்குவழிச் சாலையில் டூவீலரில் போய்ப் பாருங்கள், காற்றே அடிக்காத நாளிலும் தோள் துண்டு பறந்துவிடும். வேகமாக உள்ளே விழும் கேலக்ஸியின் வாயுவும் அப்படித்தான் உரிந்து போகிறது.

2015இல் நாம் ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி, ஏபெல் 85 கொத்திலுள்ள ஜேஓ201ஐப் படம் பிடித்தது. விநாடிக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் வேகம். பின்னால் ஜெல்லிமீன் போல வால்கள். வேடிக்கை என்னவென்றால், பறிபோன அந்த வாயுவிலும் இளம் நட்சத்திரங்கள்!

எல்லாம் இப்படிப் பறிகொடுப்பதில்லை. சிலவற்றுக்குக் கையிருப்பு இருக்கும், புது வாயு வரத்துதான் நிற்கும். பென்ஷன் நின்றபின் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவது மாதிரி. அது தீரச் சில நூறு கோடி ஆண்டுகள் ஆகும். பெரிய நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் எரிந்து தீர, மிஞ்சுவது சிவந்த சிறியவை. அவை சிக்கனக்காரர்கள், நெடுங்காலம் எரிவார்கள்.