கோடீசுவரரும் நம் ஊரும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



உலகப் பெருஞ்செல்வர்களைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். சாமியாருக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று சிலர் சிரிப்பது தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு கோடி டாலர் உடையவரையே அந்தப் பட்டியலில் சேர்க்கின்றனர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் அது 8,500 கோடி ரூபாய். நாள்தோறும் ஒரு லட்சம் செலவழிக்கும் ஒருவர், இயேசு பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தால், இப்போதுதான் அந்தப் பணத்தை முடித்திருப்பார்! 2025ஆம் ஆண்டு ஃபோர்ப்ஸ் ஏட்டின் கணக்குப்படி இத்தகையோர் 3,028 பேர். நம் நாட்டில் 205 பேர்.

பெரும் பணம் ஓர் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்று அறிய நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. 1880களில் ஸ்காட்லாந்துச் சகோதரர்களான ஆண்ட்ரூ ஹார்வியும் பிராங்க் ஹார்வியும் பாபநாசத்து அருவி நீரின் விசையை நம்பி இங்கே நூற்பாலை கட்டினர். உலகக் கணக்கில் அவர்கள் எப்படியோ, இந்தத் தாமிரபரணிக் கரைக்கு அவர்களே கோடீசுவரர்கள். வயலையும் மழையையும் மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சம்பளம் என்ற ஒன்று வந்தது. ஆலைச் சங்கைக் கேட்டு அடுப்பு மூட்டிய வீடுகள் எத்தனை! அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆனால் அதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்ததையும் மறக்கலாகாது. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவையே கோரிக்கைகள். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிர்வாகம் இணங்கியது. அதே மாதம் 12ஆம் நாள் சிதம்பரனார் கைதானார். ஞாயிறு காலையில் நாம் இந்தக் கோவிலில் சாவகாசமாகக் கூடுகிறோமே, தூத்துக்குடி ஆலைத் தொழிலாளருக்கு அந்த நாள் போராடித்தான் கிடைத்தது. அவர்களுக்காக வாதாடியவர்கள் கத்தோலிக்கரும் அல்லர்!

அமெரிக்காவின் கார்னேகி 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டினார். அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகாலையில் 1892இல் கூலிக் குறைப்பை எதிர்த்தவர்கள்மேல் கூலிப்படை ஏவப்பட்டு உயிர்கள் மடிந்தன. தானம் வேறு, கூலி வேறு. 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், நியாயமான கூலியைத் தருமமாக அன்று, நீதியின் கடனாகவே கேட்டார்.

1974இல் மதுரா மில்ஸ், ஜே. அண்டு பி. கோட்ஸ் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. பெயர் மாறியது, நம் பிழைப்பைப் பற்றி முடிவு செய்வோர் அப்போதும் கடலுக்கு அப்பால்தான்.

இன்று அதே மலையடிவாரத்தில், தென்காசி அருகே மத்தளம்பாறையில், ஃபோர்ப்ஸ் பட்டியலில் இடம்பெற்ற ஸ்ரீதர் வேம்பு 2019இல் குடியேறினார். அவருடைய சோஹோ நிறுவனம் கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கும் உதவித்தொகை தந்து கணினி வேலை பழக்குகிறது. நூறு அன்னதானத்தினும் இதை நாம் மேலாக மதிக்கிறோம். ஆயினும் ஒருவர் மனம் வைத்ததால் வந்த வேலை, அவர் மனம் மாறினால் என்ன ஆகும்?

அங்கே வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் சம்பளத்தோடு இதையும் விசாரிக்கட்டும்: முடிவெடுக்கும்போது வேலை செய்வோரையும் கேட்கிறார்களா? விசாரித்து வந்தால், ஞாயிறு பூசை முடிந்ததும் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பேசுவோம்.