எந்தப் பட்டியலில் இருக்கிறது உங்கள் வீடு?



லண்டனிலும் மெல்போர்னிலும் வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் போனில் பேசும்போது சில சமயம் சொல்வார்கள்: "அம்மா, போன மாசம் கரண்டு கம்பெனியை மாத்திட்டேன். கேஸையும் அவங்ககிட்டயே வாங்கிட்டேன். பில்லு குறைஞ்சிருக்கு." கேட்கிற அம்மாவுக்கு அது பிடிபடாது. அருப்புக்கோட்டையில் கரண்டு என்றால் ஈ.பி.தான். அதை எங்கே போய் மாற்றுவது?

இங்கிலாந்தில் 1990களின் கடைசியிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2002-லும் வீடுகளுக்கு அந்த உரிமை வந்தது. வீட்டுக்கு வருகிற கம்பி ஒன்றேதான். பில் போடுகிற கம்பெனியை மட்டும் நாம் தேர்ந்துகொள்ளலாம். அதிலும் சங்கடம் உண்டு. 2021-ல் எரிவாயு விலை ஏறியபோது இங்கிலாந்தில் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நொடித்துப்போயின. மலிவு என்று நம்பிப் போன வீடுகளை அரசின் ஒழுங்குமுறை அமைப்பு வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது.

இந்தியாவில் இப்படி மாறிக்கொள்ளும் வசதியைச் சாதாரண வீடுகள் உண்மையிலேயே பயன்படுத்துகிற ஊர் மும்பை. டாடா பவர் வீடுகளுக்கும் மின்சாரம் விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டிலிருந்து புறநகர்க் குடும்பங்கள், அதுவரை மின்சாரம் தந்துவந்த ரிலையன்ஸின் கம்பியிலேயே டாடாவின் மின்சாரத்தை வாங்க முடிந்தது. அந்த ரிலையன்ஸ் வியாபாரம் 2018-ல் அதானி கைக்குப் போனது. ஒரே பகுதியில் இரண்டு பேர் விநியோகிக்கலாம் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் நம் பக்கத்து நரிக்குடிக்கும் எம். ரெட்டியபட்டிக்கும் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் ஓடுகிற ஓட்டு வீட்டுக்கு மின்சாரம் தர எந்தத் தனியார் முன்வருவார்? இங்கே அந்த வேலையைச் செய்தது அரசு வாரியம்தான். அதனால் மும்பை போல இங்கே இல்லையே என்று எனக்கு வருத்தம் கிடையாது.

என் வருத்தம் வேறு. கம்பெனியை மாற்ற முடியாவிட்டாலும் நம் இணைப்பு எந்த வகையில் இருக்கிறது, எந்தப் படியில் பில் விழுகிறது, எந்த அளவு சிலிண்டர் வாங்குகிறோம் என்பதையெல்லாம் மாற்ற நமக்கு வழி இருக்கிறது. யாரும் எடுத்துச் சொல்லாததால் அந்த வழி அப்படியே கிடக்கிறது. கூலிக்குப் போகிற வீடுகளிலிருந்து அதனால் பணம் போகிறது.

மீட்டர் பெட்டிக்குள் ஒரு வெள்ளை அட்டை சொருகி வைத்திருப்பீர்கள். பேச்சு முடிந்ததும் அதை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். நான் சொல்ல வந்தது 500 என்கிற எண்ணைப் பற்றி. இந்தப் பேச்சில் வருகிற கரண்டுக் கணக்கையெல்லாம் 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். பிறகு 2024 ஜூலையில் விலை கொஞ்சம் கூடியது; கணக்கின் போக்கு மாறவில்லை. 500 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு, 400 வரை நாலரை ரூபாய், 500 வரை ஆறு ரூபாய். கூட்டினால் 1,725 ரூபாய். ரீடிங் 501 என்று வந்துவிட்டால் அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை முழுசாகப் போய்விடும்; 101-லிருந்தே நாலரை ரூபாய் போடுவார்கள். பில் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று போகும்.

ஆகவே 450-லிருந்து 550 வரை ஓடுகிற வீடுதான் கவனமாக இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் நம் பக்கம் ராத்திரியிலும் புழுக்கம் இறங்குவதில்லை. ஃபேனை நிறுத்தச் சொல்கிற பேச்சு இந்த மண்ணில் செல்லாது. ஃபேனை மாற்றலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். புதிதாக வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். அதற்கு 29 யூனிட் போதும். இரண்டு ஃபேனை மாற்றினால் 86 யூனிட் குறைகிறது. 550-ல் இருக்கிற வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடும். ரீடிங் எடுக்கிற தேதிக்குப் பத்து நாள் முன்னால் நீங்களே மீட்டரைப் பார்த்து, போன தடவை எண்ணைக் கழித்துப் பாருங்கள். ரீடிங் தேதி தள்ளிப்போய் அதனால் 500-ஐத் தாண்டியிருந்தால் அட்டையோடு பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். மாதாமாதம் ரீடிங் எடுத்தால் இந்தத் தள்ளாட்டமே குறையும். எத்தனையோ காலமாக மக்கள் கேட்பது அது. நானும் கேட்கிறேன்.

இனி நெசவாளர் வீடுகள். அருப்புக்கோட்டைக் காட்டன் சேலை என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். சாலியர், தேவாங்கர் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டுத்தான் பொழுது விடியும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவசமாக இருந்தது. 2023 மார்ச் முதல் 300 யூனிட் ஆனது. விசைத்தறிக்கு 750 யூனிட் இலவசம் 1,000 யூனிட் ஆனது. இது தானாக வந்து விழுவதில்லை. உங்கள் இணைப்பு அந்த வகையில் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டுக்குள் கைத்தறி ஓடுகிறது, இணைப்பு சாதாரண வீட்டுப் பட்டியலில் கிடக்கிறது என்றால், 300 யூனிட் ஓடுகிற அந்தக் குடும்பம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 675 ரூபாய் வீணாகக் கட்டுகிறது. ஆண்டுக்கு 4,050 ரூபாய். தீபாவளிக்குத் துணி எடுக்கிற காசு அது. சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதற்கான சான்று, கைத்தறித் துறை தந்த அடையாள அட்டை, கரண்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு ஈ.பி. ஆபீசில் வகை மாற்றம் கேட்டு எழுதிக்கொடுங்கள். அப்பா காலமாகி இணைப்பு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்றால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

வாடகை வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடித்தனம் வைத்து, உள்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் வாங்குகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. குடியிருப்பவருக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, இரண்டேகால் ரூபாய் விகிதமும் இல்லை. மொத்த மீட்டரும் 500-ஐத் தாண்டிவிடுவதால் வீட்டுக்காரருக்கும் நஷ்டம்தான். தனி வாசல், தனி அடுப்படி என்று பிரிந்திருக்கிற குடித்தனத்துக்குத் தனி இணைப்பு வாங்கித் தருவதுதான் நியாயம். வீட்டுக்காரர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

சோலார் தகட்டைப் பற்றியும் இப்போது ஊரெல்லாம் பேச்சு. குண்டாறு திருச்சுழியைத் தாண்டி ஓடுகிற கமுதிப் பக்கத்தில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழும்பியது. நம் வெயிலுக்கு என்ன மதிப்பு என்று அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. வீட்டு மாடியில் போட 2024 பிப்ரவரியில் மத்திய அரசு சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிற வீட்டுக்குப் பில் 3,650 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் போலக் கழியும்; நெட்வொர்க் கட்டணம் ஒன்று தனியாக இருந்தாலும் நல்ல லாபம். 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு மொத்த பில்லே 225 ரூபாய். அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கித் தகடு போட வேண்டாம். வந்து ஆசை காட்டுகிறவர் வண்டி வண்டியாகப் பேசினாலும் உங்கள் அட்டையை அவர் முன்னால் வைத்து எண்ணைக் காட்டுங்கள்.

அடுப்படிக்கு வருவோம். கேஸில் இண்டேன், பாரத், எச்.பி. என்று மூன்று கம்பெனி இருப்பதால் மாறலாம் போலத் தோன்றும். 2013 அக்டோபரில் சில இடங்களில் மாறும் வசதியைத் தொடங்கி, 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களுக்கு விரித்தார்கள். நடைமுறையில் எளிதாக இருப்பது ஒரே கம்பெனிக்குள் ஏஜென்சியை மாற்றுவது. ஏஜென்சி தூரமாக இருக்கிறது, வண்டி ஒழுங்காக வருவதில்லை என்றால் கம்பெனியின் இணையதளத்திலோ செயலியிலோ பக்கத்து ஏஜென்சிக்கு மாறலாம். கம்பெனியையே மாற்றுவது அத்தனை சுலபமில்லை. ஒரு கம்பெனியின் காலி சிலிண்டரை இன்னொரு கம்பெனி நிரப்பாது. பழைய இணைப்பை ஒப்படைத்து, அன்று கட்டிய டெபாசிட்டை, உதாரணமாக 1,450 ரூபாயை, திரும்ப வாங்கி, புதிய இடத்தில் 2022 ஜூனில் உயர்த்திய 2,200 ரூபாய் கட்ட வேண்டும். மூன்றும் அரசு கம்பெனிகள். சிலிண்டர் விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஏஜென்சியை மாற்றினால் போதும்.

இண்டக்ஷன் அடுப்பு லாபமா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் பத்தில் ஆறு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. இண்டக்ஷனில் எட்டரைப் பங்கு. ஒரு சிலிண்டர் சமையலுக்குத் தோராயமாக 130 யூனிட் வேண்டும். நாலரை ரூபாய்ப் படியில் இருக்கிற வீட்டுக்கு அது 585 ரூபாய். சிலிண்டர் விலை 2025 ஏப்ரலில் சென்னையில் 868 ரூபாய் 50 காசுக்குப் போனது; நம் பக்கம் சற்று வித்தியாசப்படும். ஆக அந்த வீட்டுக்கு இண்டக்ஷன் மலிவு. 500-ஐத் தொடுகிற வீட்டுக்கு அதே 130 யூனிட் எட்டு ரூபாய்ப் படியிலோ அதற்கு மேலோ விழுந்தால் குறைந்தது 1,040 ரூபாய். அவர்களுக்குக் கேஸ்தான் மலிவு. பக்கத்து வீட்டில் லாபம் என்று சொன்னால் நம்பி வாங்கிவிடாதீர்கள். உங்கள் அட்டையில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் பதில் சொல்லும்.

இத்தனையும் சொன்னாலும் என் மனம் நிற்கிற இடம் வேறு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசலில் எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புவது பல குடும்பங்களின் பிழைப்பு. வெட்டியதில் மிஞ்சுகிற சுள்ளி அடுப்புக்கு. அதற்குக் காசு வேண்டாம். அதனால் சிலிண்டர் தீர்ந்த அன்று நிறைய வீடுகளில் திரும்பவும் விறகடுப்பு எரிகிறது. மிளகாய் பறிக்கவும் மூட்ட வேலைக்கும் போகிற வீட்டில் வாரக் கூலி வரும். ஒரு சிலிண்டருக்கான பணத்தை ஒரே கையாக எடுத்துத் தர அந்த வீட்டில் எந்த வாரமும் தோது இருக்காது. ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா கேஸ் இணைப்புக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும். மானியம் பின்னால் வங்கிக் கணக்கில் ஏறும். புகையில் கண் எரிந்துகொண்டு ஊதாங்குழலோடு உட்காருகிறவள் அந்த வீட்டுப் பெண். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அந்த வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. 5 கிலோ வீட்டு உபயோகச் சிலிண்டர். விலை பெரிய சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். வாரக் கூலியிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். உஜ்வலா வீட்டுக்காரர்கள் 14.2 கிலோ சிலிண்டரைக் கொடுத்துவிட்டு 5 கிலோவுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு 5 கிலோ சிலிண்டராகவும் வைத்துக்கொள்ளலாம், ஒன்று தீர்ந்தால் அடுத்தது கையில் இருக்கும். கடைகளில் இணைப்பு இல்லாமலே கிடைக்கிற சின்னச் சிலிண்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வணிக விலை, கிலோவுக்கு அதிகம்.

ஏஜென்சியில் போய் வாயால் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். "5 கிலோ சிலிண்டருக்கு மாற்றித் தரவும்" என்று எழுதி, கேஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தை நகல் எடுத்துச் சேர்த்துக் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மகளிர் குழுவில் இருக்கிற பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாம். ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்து கேட்டால் வண்டியில் சின்னச் சிலிண்டரும் ஏறி வரும். மின்சாரக் குறைகளுக்கு மின்னகம்: 94987 94987. அங்கும் தீராவிட்டால் மாவட்ட மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. கேஸ் கசிந்தால் எந்த நேரமும் 1906. மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கு 1906.