அந்தப் பிள்ளைக்கு ஒரு நாவல்



நம் மலையகத்துக்குத் ‘தூரத்துப் பச்சை’ நாவலைத் தந்தார் கோகிலம் சுப்பையா. ‘வீடற்றவன்’ தந்தார் நம்ம சி. வி. வேலுப்பிள்ளை. 1977இல் டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு விழுந்தான், தி. ஞானசேகரன் ‘குருதிமலை’ எழுதினார். லயத்தை எழுதினோம், கொழுந்துக் கூடையை எழுதினோம், கங்காணியைப் பக்கம் பக்கமாய் எழுதினோம். தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிற பதினைந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு நாவல் எழுதினோமா? எழுதியவர் இருந்தால் மேடைக்கு வரட்டும், இந்த மாலை அவருக்கு!

எனக்கு ஒரு டீச்சரைத் தெரியும். தோட்டப் பாடசாலை. பெயர் சொன்னால் கோபிப்பார். வெயில் நாளிலும் சுவெட்டரைக் கழற்றாத ஒரு பிள்ளை அவர் வகுப்பில். குளிர் பிரதேசம், யாருக்குச் சந்தேகம் வரும்? டீச்சருக்கு வந்தது. கையைக் காட்டு என்று அதட்டவில்லை. “மத்தியானம் எங்கூட சாப்பிடுறியா மகள்?” என்றார். அவ்வளவுதான்! தாய் குவைத்தில், தகப்பன் சாராயத்தில். பிள்ளை வாய் திறக்க ஒரு மாசமானது. பிறகு டீச்சரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

இதை எழுதினால் பிள்ளைகள் கெட்டுப்போகும், சமூகத்துக்கு மானக்கேடு என்கிறார்கள் சில விமர்சகப் பெருமக்கள். கொழும்பில் இருந்துகொண்டு! ஐயா, நூறு வருசத்து லயக் கூரை ஒழுகும்போது போகாத மானமா இதில் போகிறது? சாக முயன்றவரை 1998 வரை குற்றவாளி என்றது இலங்கைச் சட்டம். சட்டமே திருந்திவிட்டது, நீங்கள் இன்னும் திருந்தவில்லை!

எப்படி எழுதுவது என்கிறீர்களா? மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தில் பப்பாகேனோ உயிரை விடப் போகிறான். மூன்று சிறுவர்கள் தடுத்து வேறு வழி காட்டுகிறார்கள். மீண்டு வந்தவர் கதை இன்னொருவரையும் காக்கக்கூடும் என்று கண்ட ஆய்வாளர்கள், அவன் பெயரையே அந்த விளைவுக்கு வைத்தார்கள். அப்படி எழுதுங்கள்! காயத்தை வருணிக்காதீர்கள், எப்படிச் செய்தாள் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்த மத்தியானச் சாப்பாட்டை எழுதுங்கள், அந்த டீச்சரை எழுதுங்கள்!

நாவல் வரும் வரை பிள்ளை காத்திருக்காது. 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தோட்டத் தலைவர்மாரே, நாளைக் காலை பிரட்டுக்களத்தில் பேர் போடுகிற இடத்தில் அதைப் பெரிசாய் எழுதி ஒட்டுங்கள்!