ரோசமும் கூலியும்

(வில்லியனூரில் மாணவர்கள் நடத்திய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுறவன், பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்து பணம் எண்ணுறவன், இவனுக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். வில்லியனூர்லயும் பாகூர்லயும் நமக்குப் பழக்கம் கபடியும் கிரிக்கெட்டும்தான். ஆனால் 2021-இல் பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு நம்ம பசங்களுக்கு இதில் ஒரு கிறக்கம் வந்திருக்கிறது. அந்தக் கிறக்கத்தை நான் கேலி பேச வரவில்லை. அதற்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு.

வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமிருந்து வடசென்னைக்கு வந்த விளையாட்டு இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மீனவர்கள், சேரி மக்கள், ஆங்கிலோ இந்தியர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்பன், எல்லப்பன் என்று பரம்பரைகள் உண்டாயின. சுவரொட்டியில் 'ரோசமான குத்துச்சண்டை' என்று போட்டார்கள். இங்கே பரம்பரை என்ற சொல்லைக் கவனிக்கணும். ஊர்ப்பக்கம் 'ஆண்ட பரம்பரை' என்று மீசை முறுக்குகிறவனுக்குப் பரம்பரை என்பது பிறப்பு, ரத்தம், சாதி. வடசென்னையில் பரம்பரை என்றால் வாத்தியார். யாரிடம் கற்றுக்கொண்டாயோ அந்தப் பரம்பரை. சாதியின் சொல்லைப் பிடுங்கி அதற்கு வேறு பொருள் கொடுத்தவர்கள் உழைக்கும் மக்கள். திருப்பி அடிக்கக் கூடாது என்று விதிக்கப்பட்ட உடம்பு, விதிமுறையோடு, எல்லார் முன்னாலும் திருப்பி அடித்த இடம் அந்த மேடை.

சரி, அந்த உடம்புக்கு என்ன ஆச்சு? நாம் பேச வேண்டியது இதைத்தான்.

மண்டையோட்டுக்குள் மூளை மிதந்துகொண்டிருக்கிறது. தாடையில் ஒரு குத்து விழுந்தால் அது குலுங்கி எலும்பில் மோதுகிறது. கையுறை கையைத்தான் காப்பாத்தும், தலையைக் காப்பாத்தாது. 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குடிக்காமலே குடிகாரனைப் போலத் தள்ளாடும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டார். 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் முகமது அலி காட்சிப் போட்டி ஆடியபோது சனம் திரண்டது. நான்கே ஆண்டுகளில், 1984-இல், அவருக்கு நடுக்கவாதம் என்று சொன்னார்கள். 1982-இல் தென்கொரியாவின் கிம் டுக் கூ பதினான்காவது சுற்றில் விழுந்து செத்த பிறகுதான் பதினைந்து சுற்று பன்னிரண்டாகக் குறைந்தது. 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரே நாள் நிகழ்ச்சியில் மோதிய இரண்டு வீரர்கள் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பிணம் இருக்கிறது.

அப்படின்னா தடை செய்துடலாமே என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். மலக்குழியில் ஆளை இறக்கக் கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டம் போட்டாச்சு. சாவு நின்றதா? தடை மட்டும் போட்டால் ஆட்டம் இருட்டுக்குள் போகும். மருத்துவர் இல்லாத மேடைக்குப் போகும். சாகிறவன் அப்போதும் நம்மவன்தான்.

நான் பார்க்கிற சிக்கல் வேறு. தொழில்முறை குத்துச்சண்டைக்காரன் ஒரு தொழிலாளி. ஆனால் தொழிலாளிக்கு உள்ள எதுவும் அவனுக்கு இல்லை. மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, ஓய்வூதியம் இல்லை. சண்டைக்குத்தான் கூலி. அதிலும் மேலாளருக்குப் பங்கு, பயிற்சியாளருக்குப் பங்கு. அமெச்சூர் பக்கம் போனவனுக்காவது பதக்கத்தைக் காட்டி ரயில்வேயில், காவல்துறையில் வேலை கேட்க வழி உண்டு. 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம்ம சென்னை தேவராஜன் அந்த வழியில் வந்தவர். தொழில்முறைக்குப் போகிறவனுக்கு அந்தக் கதவு இல்லை. ஒலிம்பிக் பதக்கத்தோடு 2015-இல் அங்கே போன விஜேந்தர் சிங்குக்குப் பெயர் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. அவருக்கு முந்தைய சண்டையில் இறங்குகிற பையனுக்கு என்ன இருக்கிறது?

பேங்க்ல தினமும் பார்க்கிறேன். கடன் பத்திரத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க, ஒரு வரி படிக்கிறதில்லை. படிக்க விட்டால்தானே? சண்டை ஒப்பந்தமும் அப்படித்தான். அமெரிக்காவில் 2000-இல் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. சண்டை நடத்துகிற முதலாளியே வீரனுக்கு மேலாளராகவும் இருக்கக் கூடாது. எவ்வளவு வசூல் என்று வீரனுக்குச் சொல்லணும் என்கிறது. 1996-லேயே மேடையருகே மருத்துவர், வீரனுக்குக் காப்பீடு என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. முதலாளித்துவத்தின் தாய்வீட்டில்கூட அந்த அளவுக்கு வந்தார்கள். இங்கே தொழில்முறை குத்துச்சண்டைக்கென்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களின் தேர்தலையும் நிர்வாகத்தையும் பற்றிப் பேசுகிறது. கூலிக்கு அடி வாங்குகிறவனைப் பற்றிப் பேசவில்லை.

தோழர்களே, நாளைக்கே பாகூரில் ஒருவர் மேடை போட்டு, விளக்கு கட்டி, நம்ம பையனைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலையில் ரத்தம் கட்டினால் ஒவ்வொரு நிமிஷமும் உயிர். பாகூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் போய்ச்சேர, கடலூர் சாலை நெரிசலைத் தாண்டி, பாண்டிச்சேரி டவுனையும் கடக்கணும். அதனால் கைதட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். ஆம்புலன்ஸ் எங்கே? ஸ்கேன் எடுத்தாயா? காப்பீட்டுத் தாள் எங்கே? வசூலில் இவனுக்கு எத்தனை? பதில் இல்லையென்றால் மேடை ஏற விடாதீர்கள்.

நம்ம ஆளின் வீரத்தைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காலங்காலமா பறையடிக்கவும் பிணம் தூக்கவும் கூப்பிட்டவர்கள்தான் இப்போது ரோசத்தைக் காட்டவும் கூப்பிடுகிறார்கள். ரோசம் நம்முடையது. அதை விற்கிற டிக்கெட் யாருடையது என்று கேட்பதுதான் அரசியல்.