எட்டாம் தேதி

சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றபடியே கேட்கும் தோழர்களே!

பழமும் பறிக்கும் கையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பழத்தை எல்லாருக்கும் தெரியும். விலை தெரியும், ருசி தெரியும், எந்தக் கடைக்காரன் அழுகலை அடியில் போட்டுக் கட்டித் தருவான் என்பதும் தெரியும். சிரிக்கிறீர்கள், அனுபவம் பேசுகிறது! கையைத் தெரியுமா? நான் சொல்ல வந்த மனிதருக்கு இரண்டு கையிலும் சேர்த்து ஏழு விரல்தான். மூன்று விரலை வேலைக்குக் காவு கொடுத்தவர். லாரி இட்லியோங். பெயரிலேயே இட்லி இருக்கிறது, இனி மறக்க மாட்டீர்கள்.

பிலிப்பைன்ஸில் பிறந்தவர். 1929ல், பதினைந்து வயதில், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே இவரைப் போல ஆயிரக்கணக்கானோர். எந்தக் காட்டில் எந்தக் காய் விளைகிறதோ அந்தக் காட்டுக்கு ஓட வேண்டும். குடியிருக்கத் தோட்டத்துக்காரன் போட்ட கொட்டகை. வயலில் கழிப்பறை கிடையாது. ஒரே குவளையில் அத்தனை பேரும் தண்ணீர் குடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளவும் சட்டம் விடவில்லை, 1948 வரைக்கும்! சொந்த நாட்டுப் பெண்களோ கப்பலேறி வந்தது மிகச் சிலர். திராட்சை பறித்தே நரைத்துப்போன கட்டைப் பிரம்மச்சாரிகள் ஐயா அவர்கள். 1935ல் சங்கம் வைக்கும் உரிமைக்கு அமெரிக்கா சட்டம் போட்டது. யாரை விட்டுவிட்டுப் போட்டது தெரியுமா? விவசாயக் கூலியை!

முதலாளி கெட்டிக்காரன். பிலிப்பினோ வேலையை நிறுத்தினால் மெக்சிகோக்காரனைக் கூட்டி வருவான். மெக்சிகோக்காரன் நிறுத்தினால் பிலிப்பினோவைக் கூட்டி வருவான். இவனுக்கு அவன் எதிரி, அவனுக்கு இவன் எதிரி, திராட்சை மட்டும் இரண்டு பேருக்கும் பொது! கைதட்டாதீர்கள், இது கைதட்டுகிற விஷயமில்லை.

1965 மே மாதம். கோச்செல்லா பள்ளத்தாக்கில் பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தி, மணிக்கு ஒரு டாலர் 40 சென்ட் வாங்கிவிட்டார்கள். அறுவடை வடக்கே டெலானோவுக்கு நகர்ந்தது. அதே ஆள், அதே கத்தரி, அதே கொத்து. கூலி மட்டும் குறைச்சல். செப்டம்பர் 7ஆம் தேதி பிலிப்பினோ மன்றத்தில் கூடிக் கைதூக்கினார்கள். மறுநாள் எட்டாம் தேதி, ஆயிரம் பேரோ ஆயிரத்தைந்நூறு பேரோ, யாரும் கொடியில் கை வைக்கவில்லை. தோட்டத்துக்காரன் கொட்டகையில் கேஸை நிறுத்தினான், விளக்கை நிறுத்தினான், தண்ணீரை நிறுத்தினான். அறுபது வயதுக் கிழவர்கள் வெளியே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள்.

அப்போதுதான் நம் ஏழு விரல்காரர் சீசர் சாவேஸைத் தேடிப் போனார். சாவேஸ் மெக்சிகோத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிக்கொண்டிருந்த காலம். பெட்டியில் பணமில்லை, இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகட்டும் என்பது அவர் கணக்கு. இவர் கேட்டதன் சாரம் இதுதான்: எங்கள் இடத்தில் உங்கள் ஆள் போய் நின்றால், நாளைக்கு உங்கள் இடத்தில் எங்கள் ஆள் நிற்பான், சம்மதமா? எட்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, மாதா கோயில் மண்டபத்தில் மெக்சிகோக்காரர்களும் கைதூக்கினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. போன மாதம் இதே ஊரில், பந்தல் பெரிசு, மாலை பெரிசு, அந்த மேடையில் ஒரு பெரிய மனிதர் இதே கதையைப் பேசினார். பெயர் வேண்டாம், சொன்னால் விளம்பரமாகிவிடும். 16ஆம் தேதி சாவேஸ் போராட்டத்தைத் தொடங்கினார் என்றார். அந்த எட்டு நாள் எங்கே ஐயா? வெட்ட வெளியில் அடுப்பு மூட்டிய கிழவன் எங்கே? சாவேஸைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1968ல் 25 நாள் உண்ணாவிரதம் இருந்த மனிதர். ஆனால் இவர்களுக்குக் கதை என்றால் ஒரே தலைவர் வேண்டும், ஒரே படம் வேண்டும், ஒரே மாலை வேண்டும். ஏனென்றால் அவர்கள் மன்றத்திலும் அப்படித்தானே!

சரி, சரி. கப்பல் கதைக்கு வருகிறேன். 1965 நவம்பரில், டெலானோவிலிருந்து திராட்சை லாரி புறப்படுகிறது. தோழர்கள் பின்னாலேயே காரில் போகிறார்கள். ஓக்லாந்து துறைமுகம். கையில் இருந்தது கையால் எழுதிய அட்டைதான், வேலைநிறுத்தம் என்று. துறைமுகத் தொழிலாளி பார்த்தான். நீ யார், என்ன மொழி என்று கேட்கவில்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டு நடந்தான்! ஆயிரம் பெட்டிக்கு மேல் கரையிலேயே கிடந்தது. இப்போது கைதட்டுங்கள்!

இல்லத்தரசிகளும் திராட்சை வாங்க மறுத்தார்கள். ஒரு பெரிய கம்பெனி அடுத்த கம்பெனிகளின் லேபிளை ஒட்டி விற்றுப் பார்த்தது. அப்படியா, எந்த லேபிளும் வேண்டாம், கலிபோர்னியா திராட்சையே வேண்டாம் என்றார்கள். ஐந்து வருஷம். 1970 ஜூலை 29, முதலாளிகள் டெலானோவுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

மறு வருஷமே இட்லியோங், இரு தரப்பும் சேர்ந்திருந்த சங்கத்தை விட்டு விலகினார். முடிவெடுக்கும் இடத்தில் தன் கிழவர்களின் குரல் ஏறவில்லை என்ற மனத்தாங்கல். 1974ல் அந்த முதியவர்களுக்காக டெலானோவில் ஒரு குடியிருப்பு கட்டினார்கள். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! 1977ல் அவரும் போனார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 25ஐ அவர் பெயரில் கொண்டாடக் கலிபோர்னியா அரசுக்கு 2015 வரை ஆனது.

அவைத் தலைவர் மூன்றாவது சீட்டு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெரிய பந்தல்காரர்கள் மறுபடி கூட்டம் போடுவார்கள், நீங்களும் போவீர்கள், சுண்டல் நன்றாக இருக்குமாம். மேடையில் யாராவது 16ஆம் தேதி என்றால், இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்று, எட்டாம் தேதி என்று சொல்லுங்கள். சுண்டலை வாங்கிக்கொண்டு சொல்லுங்கள்.